தலைக்குக் குளிக்கத் தங்கச்சிமடம்

1

இந்தக் கதை எனக்கு ராமநாதபுரத்தில் ஒரு பியூட்டி பார்லரில் கிடைத்தது. பாம்பன் பாலத்தில் கிடைத்தது, கோயில் பிராகாரத்தில் கிடைத்தது என்று சொன்னால் எனக்கும் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். என்ன செய்வது, பார்லரில்தான் கிடைத்தது.

இந்த ஊருக்குக் குடிவந்த ஒரே வருடத்தில் என் முடி தேங்காய் நார் ஆகிவிட்டது. சீப்பு நடுவழியில் நின்றுவிடும். இழுத்தால் முடியோடு வரும். பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். வெந்தயம் என்றார்கள், செம்பருத்தி என்றார்கள், சின்ன வெங்காயச் சாறு என்றார்கள். ஒரு சமையலறையையே அரைத்துத் தலையில் பூசிவிட்டேன். கடைசியில் எரிச்சல் தாங்காமல் பார்லருக்குப் போனேன்.

அதை நடத்தும் சுகந்தி என் முடியை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"தண்ணிதான்க்கா. உப்பும் சுண்ணாம்பும் முடி மேல படிஞ்சு போயிருக்கு. இதுக்கு மேல எந்த எண்ணெயத் தடவுனாலும் உள்ள இறங்காது."

பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பெண் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. முடியை இறுக்கி, ஒரு கைக்குட்டையால் கட்டியிருந்தாள்.

"நல்லாக் கேட்டு வச்சுக்கங்கக்கா," என்றாள் என்னிடம். "நாளைக்கு உங்க வீட்டுல இதுக்கு ஒரு பஞ்சாயத்து வச்சாங்கன்னா, இவங்களச் சாட்சிக்குக் கூப்பிடலாம்."

அவள்தான் அனிட்டா. அன்றைக்கு அவள் பாதிதான் சொன்னாள். மீதியைப் போனில் சொன்னாள். எழுதப்போகிறேன் என்றதும், "எழுதுங்க. ஆனா முடியப் பத்தி எழுதுங்க," என்றாள். அந்த நிபந்தனை எனக்கு அப்போது புரியவில்லை.

2

மூன்று தடவை தொடங்கினேன். மூன்றையும் இங்கேயே போடுகிறேன். எறிய மனம் வரவில்லை.

*அனிட்டாவின் கூந்தல் ஒரு காலத்தில் கருத்த அலையைப் போல*

(வேண்டாம். கடற்கரைப் பெண் என்றதும் கை தானாக அலையை எழுதுகிறது. அவள் முடி அலை மாதிரி இருந்ததே இல்லையாம். "சாதா முடிதான்க்கா. ஆனா சீப்பு போகும்," என்றாள்.)

*இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள்*

(எட்டாம் வகுப்பு அறிவியல். எனக்கே கொட்டாவி வந்தது.)

*அந்தச் சனிக்கிழமை காலை அனிட்டா பையோடு வீட்டை விட்டுக் கிளம்பியபோது, அவள் இனித் திரும்பப் போவதில்லை என்று*

(அப்பட்டமான பொய். சாயங்காலமே திரும்பிவிட்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள், ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்பினாள். அந்த வீட்டில் யாருக்கும் விளங்காமல் போனதே அதுதான்.)

ஆக, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

3

அனிட்டா பிறந்தது தங்கச்சிமடத்தில், மீன்பிடிக் குடும்பத்தில். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு. ஆனாலும் அவர்கள் தெருவில் மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். அம்மா வீட்டுக்குப் பின்னால் ஓர் உறைக்கிணறு. அதை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் மல்லிகை நாற்று போட்டிருக்கிறார். கயிறு வேண்டாம், வாளியைக் கையாலேயே முக்கி எடுக்கும் ஆழத்தில் தண்ணீர்.

கட்டிக்கொடுத்தது சாயல்குடிப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில். கணவன் வில்பிரட் படகு இன்ஜின் மெக்கானிக். மாமனார் சூசைமுத்து வளைகுடா நாட்டில் பல வருடம் மீன்பிடித்து, சேர்த்த பணத்தில் வீடு கட்டியவர். வீட்டுக்கு முன்னால் போர்வெல் போட்டவர்.

அந்த போரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மாமியார் ஜெபமாலை தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, வெயிலில் தள்ளிக்கொண்டு போய், ஊற்றில் அகப்பையால் மோந்து தண்ணீர் கொண்டுவந்தவள். சூசைமுத்து தோண்டிய முதல் இரண்டு இடங்களும் வறண்டுபோயின. மூன்றாவதில் தண்ணீர் பீறிட்டபோது தெருவே ஓடிவந்து நனைந்ததாம். வாயில் வைக்க முடியாத உப்புதான். இருந்தாலும் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் அதுதான். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். "என் தண்ணி" என்றுதான் சூசைமுத்து சொல்வார். தெருவில் யாருக்கும் அவர் இல்லை என்றதில்லை.

(இங்கே அவரைக் கொடுமைக்கார மாமனாராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். மனுஷன் ஒத்துழைக்கவில்லை.)

4

இரண்டு வருடத்தில் அனிட்டாவின் முடி செம்பட்டையாகி, முறுக்கேறி, நடுவில் ஒடிய ஆரம்பித்தது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஷாம்பு என்றாள் ஜெபமாலை. தைராய்டு என்றான் வில்பிரட். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. "அங்க சந்தோசமா இருக்கியாடி?" என்று கேட்டாள் அவளுடைய அம்மா. தண்ணீர் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சூசைமுத்து இருக்கும் வீட்டில் அது சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

சுகந்திதான் சொன்னாள். படிவை எடுக்கிற ஷாம்பு ஒன்று கொடுத்தாள். வினிகரைத் தண்ணீரில் கலந்து அலசச் சொன்னாள். பலன் தெரிந்தது. ஆனால் வினிகரை அலசுவதற்கும் அதே போர்த் தண்ணீர்தானே! எடுத்த உப்பு மறுபடி ஏறிக்கொண்டது.

ஒருநாள் கடைசி அலசலுக்கு மட்டும் கேனிலிருந்து ஒரு வாளி சாய்த்தாள். ஜெபமாலை பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, குடிக்கிற தண்ணியையா தலையில ஊத்துற? உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"மாமி கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன்க்கா," என்றாள் அனிட்டா என்னிடம். "வண்டி தள்ளுன கையி அவுகளுக்கு. ஆனா என் முடிக்கு நான் என்னதான் செய்ய?"

அடுத்த சனிக்கிழமை காலை ஒரு துண்டையும் ஷாம்பு பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம். அங்கே மாறி, மண்டபம் வழியாகத் தங்கச்சிமடம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அம்மா வீட்டுக் கிணற்றில் தலைக்குக் குளித்தாள், காயவைத்தாள், சாப்பிட்டாள், திரும்பினாள்.

5

மாமியாரிடம் சண்டை, அதனால் போகிறாள் என்று ஊரில் முதலில் பேசினார்கள். பிறகு வில்பிரட் குடிக்கிறான் என்றார்கள். அவன் பாட்டிலைத் தொட்டவன் இல்லை. மூன்றாவது மாதத்தில், "பஸ்ஸுல யாரு கூடயோ பேசிட்டு வாரா" என்றார்கள். (என் கூடத்தான். ஒருதடவை, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில்.)

அவளுடைய அம்மாவும் நம்பவில்லை. கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்பாளாம்: "என்கிட்டயாவது உள்ளதச் சொல்லு. அடிச்சானா?"

"தல குளிக்க வந்தேன்மா."

"சரி, அது தெரியுது. எதுக்கு வந்த?"

நானும் நம்பவில்லை. ஒரு பெண் ஆறு மணி நேரம் பயணம் செய்து முடியை மட்டும் கழுவிவிட்டுத் திரும்புவாளா? உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதை எங்கே நிற்கும்? ஆகவே மண்டபத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு இளைஞனை உண்டாக்கினேன். ஆன்டோ என்று பெயர் வைத்தேன். கண்ணாடி கூடப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தை அனிட்டாவுக்குப் போனில் வாசித்தும் காட்டினேன்.

அவள் கடைசி வரை கேட்டாள்.

"நீங்களுமாக்கா?" என்றாள். "உங்களுக்கும்தான் முடி கொட்டுது. நீங்க எவனத் தேடிப் பார்லருக்கு வந்தீங்க?"

ஆன்டோவை அடித்துவிட்டேன். அவன் கண்ணாடியோடு போய்ச்சேர்ந்தான்.

6

கடைசியில் சூசைமுத்து பங்குத்தந்தையைச் சமாதானம் பேச அழைத்துவந்தார். ஞாயிறு பூசை முடிந்து நேராக வீட்டுக்கு. நடுவீட்டில் சாமியாருக்கு நாற்காலி. சூசைமுத்து கட்டிலில். வில்பிரட் சுவரோரம். ஜெபமாலை அடுக்களை வாசலில், முக்காடு போட்டபடி. அனிட்டா நின்றாள்.

"மனசுல உள்ளதச் சொல்லும்மா," என்றார் சாமியார். "பயப்படாத."

"தல குளிக்கப் போறேன் சாமி."

"அது சரி. அது போக?"

"அது போக ஒண்ணுமில்ல சாமி."

"வில்பிரட் குடிக்கிறானா?"

"இல்ல."

"கை நீட்டுறானா?"

"இல்ல சாமி. அவரு நல்ல மனுசன்."

"அப்ப உனக்கு என்னதாம்மா குறை?"

"முடி, சாமி."

சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சூசைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு முடிக்காகவா இம்புட்டுத் தூரம் போயிட்டு வாரா? ஊருக்குள்ள எவனாவது நம்புவானா? ஏலே வில்பிரட், நீ நம்புறியாலே?"

வில்பிரட் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அனிட்டாவைக் கிளப்பிவிட்டது.

"ஏன் மாமா, முடின்னாப் பத்தாதா?" என்றாள். "ஒரு சீக்கு வந்தாத்தான் நம்புவீங்களா? உங்க மகன் என்னைய அடிச்சாத்தான் நம்புவீங்களா? எல்லாரும் வந்து வந்து கேக்குறீங்க, வேற என்ன, வேற என்னன்னு. காலையில எந்திரிச்சுச் சீவுனா கையோட வருது. டெய்லி வருது. என் தலை எனக்கே பிடிக்கல. அதுக்கு நான் அழணுமா? விழுந்து சாகணுமா?"

"அப்ப என் தண்ணி சரியில்லங்கிற."

சாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தாராம்.

"குளிக்கச் சரியில்ல மாமா. தலைக்குச் சரியில்ல. நீங்க கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும். ஆனா சரியில்ல."

(இந்த இடத்தில் சூசைமுத்துவைக் கத்தவிட்டு ஒரு பத்தி எழுதினேன். அவர் கத்தவில்லை என்று அனிட்டா சொன்னாள். எடுத்துவிட்டேன்.)

சூசைமுத்து எழுந்து வெளியே போனார். மோட்டார் சுவிட்சைப் போட்டார். டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தது. மேலேயிருந்து தண்ணீர் வழிந்து சிமெண்ட் தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் போய் நிறுத்தவில்லை.

அப்போது அடுக்களை வாசலிலிருந்து ஜெபமாலை பேசினாள்.

"எனக்கும் தல அரிக்குது. பத்து வருசமா அரிக்குது. யாருகிட்டப் போயிச் சொல்ல?" முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வார சனிக்கிழம நானும் வாரேன்."

சாமியார் சமாதானம் ஆகிவிட்டதாக நினைத்து ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆகவில்லை. வாரம் முழுவதும் சூசைமுத்து யாரோடும் பேசவில்லை.

7

சனிக்கிழமை இருவரும் போனார்கள். வழியெல்லாம் ஜெபமாலை புலம்பிக்கொண்டு வந்தாள். பஸ் குலுக்குகிறது, பாலத்தில் காற்று அடிக்கிறது, சம்பந்தி வீட்டில் போய்க் குளிக்கிறோமே, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். "இறங்கித் திரும்பிப் போயிரலாமான்னு ஆயிருச்சுக்கா எனக்கு," என்றாள் அனிட்டா.

கிணற்றடியில் மாமியாரைக் கல்லில் உட்காரவைத்து அவள்தான் தேய்த்துவிட்டாள். ஷாம்பு கொஞ்சம்தான் போட்டாள். நுரை பொங்கி நெற்றியில் இறங்கியது, காதை மூடியது.

"ஏட்டி, என்னத்தடி போட்ட? போகவே மாட்டேங்குது!"

"நல்ல தண்ணில இப்பிடித்தான் மாமி வரும்."

"இம்புட்டா?"

ஜெபமாலை கையில் நுரையை அள்ளிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அனிட்டாவின் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து எட்டிப்பார்த்தாள். சம்பந்தி சிரித்து அவள் பார்த்ததில்லையாம்.

சாப்பிடக் கூப்பிட்டபோது ஜெபமாலை வரவில்லை. மல்லிகை நாற்றுகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து முடியை விரித்துப் போட்டிருந்தாள். விரலை உச்சியில் வைத்துக் கீழே இழுப்பாள். விரல் தடையில்லாமல் இறங்கும். மறுபடியும் உச்சியில் வைப்பாள்.

"கொஞ்ச நேரம் என்னையக் கூப்பிடாதீங்க," என்றாள்.

ஒரு பஸ்ஸை விட்டார்கள்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். எரிச்சலும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பேருந்து சாயல்குடிக்குள் நுழையும்போது அனிட்டா என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கிணற்றடி விஷயத்தையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். திடீரென்று குரல் தாழ்ந்தது.

"அக்கா, மாமா ஸ்டாண்டுல நிக்கிறாரு. பைக்கோட. வச்சிருறேன்."

வைத்துவிட்டாள்.

சூசைமுத்து இதுவரை ஒருநாளும் அழைத்துப்போக வந்தவரில்லை. ஆகவே உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன். ஒன்றில், மழைநீர்த் தொட்டி கட்டப்போகிறேன் என்கிறார். பஞ்சாயத்து விளம்பரம் மாதிரி இருந்தது. இன்னொன்றில், இனி இருவரும் போகக்கூடாது என்கிறார். மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அதை எப்படிச் சொல்வார்? மற்றொன்றில் மனைவியின் முடியைப் பார்த்துக் கண்கலங்குகிறார். எனக்கே கூச்சமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

மறுநாள் பொறுக்காமல் அனிட்டாவைக் கூப்பிட்டேன். மாமா என்ன சொன்னார்?

"அதெல்லாம் எங்க வீட்டு விசயம்க்கா," என்றாள். "நீங்க முடியப் பத்தி எழுதுங்க."

கெஞ்சிப் பார்த்தேன். சிரித்துவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

இதற்கு மேல் என்னால் ஆகாது. பேருந்து நின்றுவிட்டது. கூட்டம் இறங்குகிறது. ஜெபமாலை முன்னால் வருகிறாள். முக்காடு போட மறந்துவிட்டாள், இல்லை, போடவில்லை. அனிட்டா பின்னால் பையோடு. எதிரே சூசைமுத்து, ஸ்டாண்டு போட்ட பைக்கில் சாய்ந்து, கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு. இருவரையும் பார்த்துவிட்டார். சுழற்றுவதை நிறுத்துகிறார். ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்.

நீங்கள் பக்கத்தில்தானே நிற்கிறீர்கள். என்ன சொல்கிறார் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.