தூரத்துப் பல்கலைக்கழகம்

பொய்யை மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவார் என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் அவருக்குப் பெயர். தீப்பிடித்த கடை, திருட்டுப் போன கார் என்று யார் இழப்பீடு கேட்டு வந்தாலும் விசாரிக்கப் போகிறவர் இவர்தான். ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார். எதிராளி எங்காவது உளறிவிடுவான்.

அப்படிப்பட்டவரின் கண்ணிலேயே மகள் விரலை விட்டு ஆட்டினாள். வரலாறும் சட்டமும் சேர்த்துப் படிக்க வேண்டுமாம். தாராளமாகப் படிக்கட்டும். வீட்டுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலேயே அந்தப் படிப்பு இருக்கிறது, நல்ல பெயரோடு. அவளுக்கோ ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர்தான் பிடித்திருந்தது.

"அங்க மட்டும் என்ன வாழுதாம்?"

"வரலாறு தனியா, சட்டம் தனியா நடத்த மாட்டாங்கப்பா. ஒரு பழைய வழக்க எடுத்துக்கிட்டு ரெண்டு வாத்தியாரும் ஒரே வகுப்புல பேசுவாங்க."

குளித்துவிட்டு வந்து கேட்டார், செருப்பு மாட்டும்போது கேட்டார். ஒரு சொல் பிசகாமல் அதே பதில். நிஜம் பேசுகிறவர்கள் இப்படி ஒப்பிக்க மாட்டார்கள். அந்த ஊரில் எவனோ இருக்கிறான் என்று முடிவு கட்டினார்.

"பெத்த பொண்ணு மேலயே விசாரணையா? நல்லா இருக்கு!" என்றாள் மனைவி.

அலுவலக வேலை என்று சொல்லிவிட்டு அந்த ஊருக்கே போய் இறங்கினார். கேன்டீன்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். பெண்கள் விடுதிக் காவலாளியைத் துருவித் துருவிக் கேட்டார். ஒரு துரும்பும் சிக்கவில்லை. சிக்காததே அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. ஒரு வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் ஏதோ பழைய வழக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த ஹாஸ்டல்ல லிஃப்ட்கூட இல்ல. பெட்டியத் தூக்கிக்கிட்டு மாடி ஏறணும்."

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"ஆபீஸ்ல... ஒருத்தர்."

"ஆபீஸ்ல யாருப்பா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கத்தியிருந்தால்கூட எப்படியாவது சமாளித்திருப்பார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அங்க எனக்கு யாரு இருக்காங்கன்னு பாக்கத்தானே போனீங்க? யாருமே இல்லப்பா. எங்க போன, ஏன் லேட்டு, யார்கூடப் பேசினன்னு கேக்க அங்க யாருமே இல்ல. அதுக்காகத்தான் போறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. எதையும் லேசில் நம்பாத மனசு இதை மட்டும் கேட்டவுடன் நம்பிவிட்டது. பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினார்.

மனைவி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் குடித்துவிட்டு, "எப்பம்மா கிளம்பணும்?" என்றார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்குறீங்க?"