‘சாமி’ என்று தொடங்கிய கடிதம்

அருங்காட்சியகச் சுவரிலிருந்து அப்புச்சியை அன்றைக்கு இறக்கிவிடப் போகிறார்கள். போர் போடும் ரிக் வண்டி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சென்னிமலை தன் அம்மா குப்பாயியைக் கூட்டிக்கொண்டு நாமகிரிப்பேட்டையில் சேலம் பஸ் ஏறினான்.

அப்புச்சி, அதாவது குப்பாயியின் அப்பா ராசு, நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்துவிட்டுச் சிறைக்குப் போனவர். அங்கேயே காய்ச்சலில் செத்தும் போனார். குப்பாயிக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. அவர் எழுதி, தபாலில் சேர்க்கப்படாமல் கிடந்த கடிதம் ஒன்று பழைய சிறைக் கட்டுகளில் போன வருஷம் கிடைத்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அவர் படத்தோடு விடுதலைப் போராட்டக் கூடத்தில் மாட்டினார்கள். வந்தது வினை.

‘சாமி, கோவிச்சுக்காதீங்க. நான் பண்ணுனது தப்புத்தான், மன்னிச்சுருங்க. இனி உங்கள உட்டுட்டு எங்கியும் போகமாட்டேன்.’

வெள்ளைக்கார துரையிடம் கெஞ்சியவரைத் தியாகி என்பதா, தூக்கி வெளியே போடு என்றது ஒரு கட்சி. சாமி என்றால் கடவுள், பக்தர் என்று எழுதி வை என்றது இன்னொரு கட்சி. ஆறு மாதம் தொண்டை கிழியக் கத்தினார்கள். வீட்டாரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில், தொல்லை விட்டால் போதும் என்று இரண்டையும் எடுத்துவிட முடிவு செய்தது அருங்காட்சியகக் குழு. டீக்கடையில் சென்னிமலையால் தலைநிமிர முடியவில்லை. கூச்சத்தில் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்கூடக் காட்டவில்லை.

காப்பாட்சியர் மெர்லின் இவர்கள் வரும்வரை ஆணியில் கைவைக்க விடாமல் காத்திருந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லு சாமி,” என்றாள் குப்பாயி.

சென்னிமலை படித்துக் காட்டினான். கிழவி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இது எனக்கு எழுதுனதுங்க. நாந்தானுங்க அந்தச் சாமி!”

“கைக்குழந்தைக்கு யாராவது ‘ங்க’ போட்டு எழுதுவாங்களாம்மா?” என்று சிரித்தார் ஒரு கட்சிக்காரர். மதுரைப் பக்கத்து ஆள்.

சென்னிமலைக்குச் சுருக்கென்றது. தினம் காலையில் ‘எந்திரிங்க சாமி, பஸ் வந்துரும்’ என்று மகள் நிலாவை எழுப்புகிறவன் அவன்தானே! கண்ணாடிக்குள் போனதும் வீட்டுப் பேச்சு அவனுக்கே விளங்காமல் போய்விட்டது.

மெர்லின் சட்டத்தை இறக்கிக் கவிழ்த்து, பின்னட்டையைக் கழற்றினார். சட்டம் போட்டவர் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். தாளின் பின்னால் இன்னொரு வரி இருந்தது. அதை மெர்லினே உரக்கப் படித்தார்.

‘பல்லு எத்தன மொளச்சிருக்குதுங்க, சாமி?’

சிரித்தவர் விட்டத்தைப் பார்த்தார். மற்றவர் செல்போனை எடுத்துக்கொண்டார். சென்னிமலை ஆறு மாதமாக அந்த இருவரையும் வாயில் வந்தபடி திட்டியவன். இவர்கள் அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த அட்டையை யார் கழற்றியிருப்பார்கள்? மனம் நிறைந்து போய், இருவரையும் பார்த்துக் கைகூப்பினான்.

“நல்லா இருங்க சாமி. உங்களாலதான் எங்கம்மாவுக்கு வர வேண்டிய காயிதம் வந்துச்சு.”

“படம் அங்கேயே இருக்கட்டும்,” என்று சுத்தியலோடு நின்றவரை அனுப்பிவிட்டு, மெர்லின் தாளைக் குப்பாயியின் கையில் வைத்தார். அவள் அதை முகத்துக்கு நேராகப் பிடித்து, பொக்கை வாய் திறந்து சத்தமாகப் பதில் சொன்னாள்.

“எல்லாமே மொளச்சுதுங்கய்யா. மொளச்சு, உழுந்தும் போச்சுங்க.”