மூன்றாவது ஆள்

காலையில் பால் ஊற்றிவிட்டுப் போன பாஞ்சாலி, வெயில் ஏறியதும் மறுபடி வந்து நின்றாள். எப்போதும் வாசலோடு திரும்பிவிடுகிறவள் இன்றைக்கு உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, இடுப்பைத் தட்டிக் காட்டினாள். சேலை மடிப்புக்குள் சுருக்குப்பை புடைத்துக்கொண்டிருந்தது.

"கிடேரிய வித்துட்டேன் பாயம்மா."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ரோஷன் பீயின் கை முறத்தோடு நின்றது.

"யாரக் கேட்டு வித்த?"

"யாரக் கேக்கணும்? நான் வளத்தது. பால் ஊத்துன கையோட சந்தைக்கு ஓட்டிக்கினு போயிட்டேன். எங்க வூட்டுல அவருக்கே இன்னும் தெரியாது. ராஜாமணி சாரு மத்தியான பஸ்சுல வந்துருவாருங்கல்ல? நான்தான் ஒங்களுக்கு மூணாவது ஆளு."

முகத்து வேர்வையைத் துடைக்க அவள் கையைத் தூக்கியபோது, விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருப்பது தெரிந்தது. ரோஷன் பீ பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "களை புடுங்குனதுல" என்று சொல்லி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். களையால் அப்படி உரியாது என்று ரோஷன் பீக்குத் தெரியும். தன்னுடைய கையும் அப்படித்தான் இருந்தது.

எல்லாம் ஒரு விளம்பரத்தில் தொடங்கியது. அது எண்பத்தாறாம் வருடம். வாரப்பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க விரும்பும் பெண்கள் எழுதவும் என்று போட்டிருந்தது. ரோஷன் பீயின் புருஷன் முகம்மது கவுஸ் வளையல் வியாபாரி. காரிமங்கலம் சந்தை, மொரப்பூர் சந்தை, நல்லம்பள்ளி என்று வாரம் முழுக்க அலைந்து, தலைச்சுமையாகக் கண்ணாடி வளையல் விற்று வருகிறவர். ராத்திரி அவர் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காரும்போது அவளுக்கு மனசு கேட்காது. தனக்கு நாலு எழுத்துத் தெரியும், பேச்சும் வரும், வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன பிரயோசனம் என்று தோன்றும். எழுதிப் போட்டாள். டெபாசிட் கட்டினால் ஏஜெண்ட் என்று பதில் வந்தது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கடை போடுவதற்காக கவுஸ் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். "ஆடிக்கு முந்தி திரும்பி வந்துருமில்ல?" என்று மட்டும்தான் கேட்டார்.

மொரப்பூர் ஸ்டேஷனுக்குச் சலவைத் தூள் பார்சல் வந்தது. பச்சை நிறப் பாக்கெட், மேலே சிரிக்கிற ஒரு பெண். ரோஷன் பீ தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். அவள் பேச்சுக்கே பாதிப் பாக்கெட் விற்றது. அடுத்த வாரம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தியின் அரக்குச் சேலையில் திட்டுத் திட்டாகச் சாயம் போயிருந்தது. இன்னொருத்தி தன் குழந்தையின் முதுகைத் திருப்பிக் காட்டினாள், சட்டை பட்ட இடமெல்லாம் தடிப்பு. கம்பெனிக்கு எழுதினாள். பதிலுக்குக் கம்பெனி ஆள் ராஜாமணியே தர்மபுரியிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை. அந்த ஊரில் அவளை முதன்முதலாக மேடம் என்று கூப்பிட்டவர் அவர்தான்.

"தூள் விக்கறது பெரிய விஷயமில்லிங்க மேடம். அத யாரு வேணா விப்பாங்க. ஒங்கள மாதிரி ஆளுங்க, ஆளத்தான் சேக்கணும். மூணே பேர சேத்து விடுங்க. டெபாசிட்டும் திரும்ப வந்துரும், கமிஷனும் வரும்."

அதற்கப்புறம்தான் தர்மபுரிக் கூட்டம். வாடகைக்குப் பிடித்த கல்யாண மண்டபம். துணைக்குப் பாஞ்சாலியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். மேடைக்கு ஏற்றுவதற்கு முன்னால் ராஜாமணி அவளைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டு, "எவ்ளோ சம்பாதிச்சீங்கன்னு ஒரு தொகை சொல்லிருங்க மேடம். இன்னிக்கு வரலன்னா நாளைக்கு வரப்போறதுதானே" என்றார். மைக்கின் முன்னால் நின்றதும் ரோஷன் பீக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். புருஷனின் வெடித்த காலைப் பற்றி அழுதுகொண்டே சொன்னாள், அது நிஜம். பிறகு ஒரு தொகையைச் சொன்னாள். மண்டபமே கை தட்டியது. எல்லோர் எதிரிலும் அவள் கையில் ஒரு கடிகாரம் கட்டிவிட்டார்கள். மேடையின் பின்பக்கம் இறங்கியதும் ராஜாமணி சிரித்துக்கொண்டே அதைக் கழற்றிக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு வேண்டுமாம். மூன்று பேர் சேர்ந்ததும் புதுசு வருமாம்.

அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் பாஞ்சாலி பஸ்ஸிலேயே நாலு பேருக்குச் சொல்லி முடித்திருந்தாள். கவுஸோ சந்தைக்குச் சந்தை, "எங்க வூட்டுல மேடை ஏறிப் பேசறாங்க" என்று வளையல் வாங்க வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். வெட்கம் வாயை அடைத்துவிட்டது. நாத்தனாரைச் சேர்த்துவிட்டாள். எதிர்வீட்டு ரோசம்மாளைச் சேர்த்துவிட்டாள். அவர்கள் வீட்டிலும் இப்போது கட்டிலுக்கடியில் பச்சைப் பாக்கெட்டுகள் கிடக்கின்றன. இனி ஒரே ஒருத்தி. ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான்.

அந்த ஒருத்தி எதிரில் சிரித்துக்கொண்டு நின்றாள். சரி என்று தலையாட்டினால் போதும். புருஷனின் பணம் கைக்கு வந்துவிடும், பிறகு இந்தச் சனியனைத் தலைமுழுகிவிடலாம். பாஞ்சாலி? பாஞ்சாலியும் மூன்று பேரைப் பிடிப்பாள். அந்த மூன்று பேரும் ஆளுக்கு மூன்று பேரை.

"பாஞ்சாலி, வேணாம். சேராத."

"ஏனுங்க?"

"அது நல்ல கம்பெனி இல்ல. எனக்கு ஒரு காசு வரல."

பாஞ்சாலி சிரித்தாள். "அன்னிக்கு மேடையில சொன்னீங்களே."

"சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். பொய்யி."

"வாட்ச்சு?"

"பின்னாடி கொண்டுபோய்க் கழட்டிக்கினாங்க."

பாஞ்சாலியின் சிரிப்பு மெல்ல வடிந்தது. வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கவுஸ் ரம்ஜானுக்கு எடுத்த புதுத் திரைச்சீலையில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"பொய் சொன்னா அப்பிடி அழுது அழுது சொல்ல முடியுங்களா பாயம்மா? அன்னிக்கு நானும் அழுதேனே. நீங்க ரெண்டு பேர சேத்துக்கினீங்க. அவங்கெல்லாம் ஒங்க சொந்தம், பக்கத்து வூடு. மாட்டுக்காரி ஒங்களுக்குச் சமமா வந்துருவாளோன்னு யோசிக்கறீங்க."

"அல்லா மேல சத்தியமா இல்லடி."

"நான் எப்பவும் பால் ஊத்திக்கினே இருக்கணும். அவ்ளோதான?"

கதவைத் திறந்து போட்டுவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். ரோஷன் பீ முறத்தை அப்படியே போட்டாள். பிறகு புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுப்பை அணைத்தோமா என்றுகூடப் பார்க்காமல் கிளம்பினாள்.

சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது. தர்மபுரி பஸ் வந்து நின்று, ராஜாமணி இறங்கி, பாஞ்சாலி அவர் பக்கத்தில் போய் நிற்கவும், ரோஷன் பீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேரவும் சரியாக இருந்தது.

"சார், அவகிட்ட வாங்காதீங்க."

"வாங்க மேடம். என்னாச்சு?"

"அந்தத் தூளு துணிய அரிக்குது. கைய அரிக்குது. இதோ பாருங்க." புர்காவுக்குள்ளிருந்து கைகளை வெளியே நீட்டினாள். மூச்சு வாங்கியது, ஆனால் குரல் ஏறிக்கொண்டே போனது. "நான் தர்மபுரியில பேசுனது பூரா பொய்யி. எனக்கு ஒரு பைசா வரல. எம் புருஷன் காச வெச்சிக்கினு, ஆளக் கூட்டியா, குடுக்கறேங்கறீங்க. நானும் ரெண்டு பேரத் தள்ளிவிட்டேன். இவளத் தள்ள மாட்டேன்."

தக்காளிக் கூடைக்காரி எழுந்து நின்று பார்த்தாள். டீக்கடைப் பெஞ்சு திரும்பியது. ராஜாமணிக்குக் கோபமே வரவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகச் சிரித்தார்.

"பாத்தீங்களா, என்னா கணீர்னு பேசறாங்க! இந்தப் பேச்சுக்காகத்தான் கம்பெனி இவங்கள மேடை ஏத்துச்சு. கமிஷன் ரெண்டு நாள் தள்ளிப் போனா யாருக்கும் மனசு வெறுத்துப் போறதுதான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். ரோஷன் பீ பாஞ்சாலியின் தோளைப் பிடித்தாள். பாஞ்சாலி அந்தக் கையை எடுத்துவிட்டாள், முரட்டுத்தனமாக இல்லை, ஈரத்துணியை நகர்த்துவது போல.

"இவங்களுக்குக் கீழ வேணாங்க சார். நேரா ஒங்க கீழயே சேந்துக்கறேன்."

"அப்பிடின்னா தர்மபுரி ஆபீசுக்கே வந்துருங்கம்மா. ஒரு கையெழுத்து, ரேகை வெச்சாலும் போதும்" என்றவர், ரோஷன் பீயின் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார். "பத்து பேரு முன்னாடி கம்பெனிய இப்பிடிப் பேசிட்டீங்க மேடம். இனிமே டெபாசிட்டு திரும்பாது. அது ரூல். நான் என்னா பண்ண முடியும், சொல்லுங்க."

வந்த பஸ்ஸே திரும்பிப் புறப்பட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த பாஞ்சாலி இடுப்பில் கைவைத்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஷன் பீ பஸ்ஸோடு நாலடி ஓடி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. புகையும் புழுதியும் அடங்கியபோது எதிரில் கவுஸ் நின்றிருந்தார். உள்ளூர்ச் சந்தை நாளில் அவர் கடை பஸ் ஸ்டாண்டு மதிலோரம்தான். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கிறார்.

"அப்ப ஆடிக்கு?" என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

திட்டுவார் என்று நின்றாள். திட்டினால் நன்றாயிருக்கும் போலிருந்தது. அவர் உதட்டை மட்டும் ஈரப்படுத்திக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிக் கடைக்கு நடந்தார். இந்நேரம் சேதி தெருவுக்குப் போயிருக்கும். நாத்தனார் வாசலில் காத்திருப்பாள். ரோசம்மாள் காத்திருப்பாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ரோஷன் பீ அவர் பின்னாலேயே போய், இத்தனை வருடத்தில் ஒருநாளும் உட்கார்ந்திராத அந்தச் சாக்கு விரிப்பில், அவருக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் நகரச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து குந்தினாள். புதுசாகக் கல்யாணம் ஆனவள் போல. கழுத்தில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. கவுஸ் மூட்டைக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்ததால், அவள் கையை ரோஷன் பீயிடம் நீட்டினாள்.

"இந்தச் சேப்புல ஒரு டஜன் போடுங்கக்கா. நல்லா ஒழைக்குங்களா? ஒடைஞ்சிராதே?"

ரோஷன் பீக்கு அந்த மேடைப் பேச்சு வந்தது. எத்தனையோ வார்த்தைகள் நாக்கு வரைக்கும் தாமாகவே ஏறி வந்தன. அவற்றை அப்படியே விழுங்கினாள். மூட்டைக்குள் தேடிக்கொண்டிருந்த கவுஸின் கை அசையாமல் நின்றிருந்தது.

"கண்ணாடிம்மா. ஒடையும்" என்றாள்.

அந்தப் பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். எழுந்து போகவில்லை, போடுங்கள் என்றும் சொல்லவில்லை. ரோஷன் பீயின் தோலுரிந்த விரல்களுக்கு நடுவே அந்தப் பெண்ணின் மெல்லிய மணிக்கட்டு சூடாகத் துடித்துக்கொண்டிருந்தது.