பின்சக்கரத்துக் கடல்

பாவாடைக்கு எண்பத்தொரு வயது நடந்த சித்திரை மாதத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்திலிருந்து கடல்நீர் வர ஆரம்பித்தது. அந்த வாரம் அரியலூர் மார்க்கெட்டில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய், கத்தரிக்காய் முப்பது. பழைய வண்டி என்றால் ஏதாவது ஒழுகத்தான் செய்யும் என்று ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரம்பலூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் அல்தாப் மட்டும் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, ஈரத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். "ஆயில் இல்லங்கய்யா, பெட்ரோலும் இல்ல. நாகூர் போனா கடக்கரையில மூஞ்சில அடிக்குமே, அதே உப்பு" என்றான். எங்கிருந்து வருகிறது என்று பாவாடை கேட்டார். "அது தெரியலங்க. ஆனா பிரேக் ஷூ தேஞ்சிருக்கு, மாத்திருவோம்." மாற்றினான். தண்ணீர் நிற்கவில்லை. பிரேக் நன்றாகப் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் பல கோடி வருடங்களுக்கு முன்பு கடல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி. சுண்ணாம்புக்கல் தோண்டும் குழிகளில் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் இன்றைக்கும் கிடைக்கின்றன. ஆகவே கடல்நீர் வருவதில் ஆச்சரியம் இல்லை, கொஞ்சம் தாமதமாக வருகிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் வாஷர் போயிருக்கும் என்றார்கள். இரண்டு தரப்பும் அத்தோடு சாப்பிடப் போனது.

பாவாடை அந்தக் குழிகளில் பாறைக்கு வெடி வைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது பாதி போயிருந்தது, கண்ணும் கையும் நன்றாக இருந்தன. அவர் மனைவி தனத்துக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பஸ் படி அவருக்கு உயரம், ஆட்டோ பள்ளத்தில் இறங்கினால் உயிர் போகும். ஆனால் வாசலில் கிடக்கும் கல்லில் ஏறி, வண்டியின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, கணவர் தோளைப் பிடித்துவிட்டால் வலி இருந்த இடம் தெரியாது. டாக்டர் இதை நம்பவில்லை. இருவரும் தினமும் காலையில் அரியலூர் மார்க்கெட்டுக்குப் போய் வந்தார்கள். வாங்க ஒன்றும் இல்லாத நாளில் கொத்தமல்லி வாங்கினார்கள். வீட்டில் எப்போதும் கொத்தமல்லி இருந்தது.

அந்தச் சாலையில் கல் லாரிகள் விடாமல் ஓடும். புழுதி அடங்கத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் வண்டி காகிதத்தில் தவறாமல் தெளித்தது. சாலையோரத்துப் புளியமரங்கள் வருடம் முழுவதும் வெள்ளையடித்த மாதிரி நின்றன. டீக்கடையில் பாலாடை என்று எடுத்துப் போட்டது பாலாடை இல்லை. பாவாடையின் சக்கரம் ஒழுக ஆரம்பித்த பிறகு, அவர் போய் வந்த தடத்தில் தண்ணீர் பரவிச் சாலையின் இரண்டு ஓரத்தையும் தொட்டது. சாயந்தரம் வரை ஈரம் காயவில்லை. மரங்கள் பச்சை என்பது ஊருக்கு மறுபடியும் தெரியவந்தது. இதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு ஆடுகள் வந்தன. உப்பு என்றால் ஆடு விடாது. சுற்றுவட்டாரத்து ஆடுகள் எல்லாம் நடுச்சாலையில் நின்று தாரை நக்கின. லாரிகள் நின்றன. ஊராட்சித் தலைவர் கலைமணி, லாரிக்காரர்களின் துயரத்தைப் பார்க்கப் பொறுக்காமல், சென்னையில் இருக்கும் பாவாடையின் மகன் அறிவரசனுக்குப் போன் போட்டார். "தம்பி, எண்பது வயசுக்கு மேல எதுக்கு வண்டி? உங்கப்பா நல்லதுக்குத்தான் சொல்றேன்." அப்பாவின் வயது அறிவரசனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பொங்கலுக்கு மட்டும் வருகிறவர், வைகாசியிலேயே காரில் வந்து இறங்கினார்.

"கீழ விழுந்தா யாருப்பா பாக்கறது?" என்றார்.

"இப்ப யாரு பாக்கறா?" என்றார் தனம்.

அறிவரசன் கார் டிக்கியைத் திறந்தார். அம்மாவுக்கு ஒரு சக்கர நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். தனம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தார். மறுநாளும் அதே சுவர். மூன்றாம் நாள் முழங்கால் இரண்டும் வீங்கின. பாவாடை வாசலில் வண்டியைத் துடைத்தார். வண்டி ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

ஆனி பிறப்பதற்குள் புழுதி திரும்பிவிட்டது. பிள்ளைகள் இருமின. இட்லி மாவு அரைக்காமலே கூடியது. ஊர் கூடி யோசித்தது. முதலில் விசேஷம் வண்டியில்தான் என்று முடிவு செய்து, அல்தாப்பை வைத்து சாவி இல்லாமல் கிளப்பி, இளைஞர்கள் மாறி மாறி ஓட்டினார்கள். சாலை காய்ந்தே கிடந்தது. அப்படியானால் விசேஷம் வயதில்தான் என்று அடுத்த முடிவு வந்தது. எழுபது தாண்டியவர்களிடமிருந்து அக்கறையோடு பிடுங்கப்பட்ட சாவிகள் எல்லாம் அதே அக்கறையோடு திருப்பித் தரப்பட்டன. நெஞ்சுவலி என்று முடக்கி வைக்கப்பட்டிருந்த ஹபிபுல்லாவுக்கு, துபாயில் இருக்கும் பிள்ளைகள் போன் போட்டு, "வாப்பா, தெனமும் ஓட்டுங்க, ஒடம்புக்கு நல்லது" என்றார்கள். எழுபத்து நாலு வயதான பெரியம்மாளுக்கு மருமகளே ஸ்கூட்டரைத் துடைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாள் எங்கள் சாலையில் எழுபது வயதுக்குக் கீழே யாரையும் பார்க்க முடியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சாவிகளைத் திருப்பிக் கேட்டபோது பெரியவர்களுக்குத் திடீரென்று காது கேட்காமல் போனது.

கடைசியாகத்தான் பாவாடையையே கேட்கலாம் என்று தோன்றியது. "எனக்கு என்னா தெரியும்? நான் முன்னாடி பாத்து ஓட்டறவன். பின்னாடி இருக்கறவளக் கேளுங்க" என்றார் அவர். தனம் ஒளிக்கவில்லை. கல்யாணமான புதிதில் கடல் காட்டுவதாகப் பாவாடை சொன்னார். அப்புறம் பிள்ளை, வேலை, வீடு. சித்திரையில் ஒருநாள் தனம் பின்சீட்டில் இருந்தபடி, "கடலக் கண்ணால பாக்காமயே போய்ச் சேந்துருவேன் போல" என்று சொன்னார். பாவாடைக்கு அது காதில் விழவில்லை. மறுநாள் சக்கரம் ஒழுகியது.

கலைமணி அன்றைக்கே அறிவரசனை மறுபடியும் கூப்பிட்டார். "தம்பி, வண்டி ஓட்டுனாத்தான் பெரியவங்களுக்குத் தெம்பு. சாவியக் குடுத்துருப்பா." அம்மாவின் முழங்கால் வீக்கத்தைப் போனில் பார்த்திருந்த அறிவரசன் வந்து சாவியை அப்பாவிடம் கொடுத்தார். அம்மாவைக் காரில் கடலுக்கு அழைத்துப் போவதாகவும் சொன்னார். ஊர் பதறியது. ஆசை தீர்ந்தால் தண்ணீர் நின்றுவிடாதா? ஆகவே தனத்தைக் கடலுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியது.

"கடல்ல என்னாத்த இருக்கு அத்த, வெறும் தண்ணி. டிவியில பாத்தா பத்தாதா?" என்றார் கலைமணி.

"ஒன் கல்யாணத்த டிவியிலயா பாத்த?" என்றார் தனம்.

விஷயம் பாவாடைக்குப் புரிந்தது. தண்ணீர் இருக்கும் வரைதான் ஊருக்கு அவர் தேவை. ஊருக்குத் தேவையில்லாத அன்றைக்கு அவருக்கு மறுபடியும் வயதாகிவிடும், சாவி மகன் பைக்குப் போய்விடும், தனம் சுவரைப் பார்ப்பார். கடலைக் காட்டாமல் இருந்தால் எல்லாம் இப்படியே ஓடும். மறுநாள் காலை தனத்தை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். சக்கரம் மறுபடியும் ஒழுகியது. மார்க்கெட் வந்தது. அவர் நிறுத்தவில்லை. "கொத்தமல்லி?" என்றார் தனம். "வூட்ல இருக்கு" என்றார் பாவாடை.

ஜெயங்கொண்டம் தாண்டிப் போனார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலுக்கு வந்தவர்கள் சாலையில் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்த் தண்ணீர் அந்த ஊருக்குப் புதிதில்லை. அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது தண்ணீர் குறைந்தது. பூம்புகாருக்கு முன்னால் சுத்தமாக நின்றது. பாவாடை திரும்பிப் பார்த்தார். காய்ந்த சாலையைப் பார்த்தார். வண்டியைத் திருப்பவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் வந்தார்கள். ஊர் எல்லையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஹபிபுல்லாவும் பெரியம்மாளும் அவரவர் வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் ஆட்களைப் பார்க்கவில்லை, பின்சக்கரத்தைப் பார்த்தது. பொட்டு ஈரம் இல்லை. கலைமணி அறிவரசனைப் பார்த்தார். அறிவரசன் முன்னால் வந்து கையை நீட்டினார். "சாவியக் குடுங்கப்பா. போதும், ஆசையெல்லாம் முடிஞ்சிருச்சில்ல."

பாவாடை சாவியை உருவினார். தனம் அவர் தோளைப் பிடித்து மெல்ல இறங்கினார்.

"எப்படி அத்த இருந்துச்சு?" என்று கேட்டார் கலைமணி, கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதற்காக.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குது, போறதும் வரதுமா இருக்கு. சும்மா இருன்னு அதுகிட்டப் போய்ச் சொல்ல ஆளு இல்ல, குடுத்து வச்சது."

அப்போது கிழக்கே, அவர்கள் வந்த வழியே, சாலை முழு அகலத்துக்கும் ஒரு சிறிய அலை வந்தது. அவசரமில்லாமல் வந்து எல்லோருடைய கணுக்காலையும் நனைத்து, கலைமணியின் ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. நீட்டிய கையை அறிவரசன் மடக்கிக்கொண்டார். குனிந்து பேண்ட்டைச் சுருட்டிவிட்டார்.

இப்போது பாவாடைக்கு எண்பத்து மூன்று. இருவரும் தினமும் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறார்கள், பின்னாலேயே அலை வந்து போகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் சற்றுக் கூடுவதால், சாலையோரக் கடைக்காரர்கள் பலகையை ஒரு முழம் உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். லாரிகள் ஆடு போகும்வரை நின்று போகின்றன. தண்ணீர் வண்டி காகிதத்தில் இன்னும் தெளித்துக்கொண்டிருக்கிறது. தக்காளி நேற்று ஐம்பத்தைந்து ரூபாய்.