பனைமரத்து மின்னலும் ஒரு குறுக்குவழிக் கணக்கும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் மூளையில் உதித்த கதையல்ல. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை ஜஹீதா சொன்னது. பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். மின்னல் விழுந்தால் சுற்றிலும் எழும் மின்காந்தப் புலத்தைக் கணினியில் சீக்கிரமாகக் கணக்கிடுவது எப்படி என்பது தலைப்பு.

"அதுல கதை இன்னாம்மா இருக்கு?" என்றேன். பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் வாயை மூடிக்கொண்டேன்.

தொடக்க வரி: வானம் கிழிந்தபோது ஜஹீதாவின் நெஞ்சமும்... (அடித்துவிட்டேன். மன்னிக்கவும்.)

2

அவள் தம்பி சமீருல்லா, ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் டேனரியில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். தொட்டியில் விஷவாயு சேரும்; இறங்கியவன் ஏறாமல் போவதுண்டு. அதனால் விளிம்பில் ஒரு வாயுமானி. அதிலிருந்து ஆபீஸ்வரை நீளமாக ஒரு கேபிள். ஒரு ஞாயிறு சாயங்காலம் பின்பக்கப் பனைமரத்தில் இடி விழுந்தது. மறுநாள் காலை மானி பூஜ்யம் காட்டியது. மேனேஜர் இஷ்தியாக் அகமது, அன்றே ஆட்களை இறக்கித் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னார்.

சமீருல்லா போன் செய்தான். "அக்கா, எப்பவும் கொஞ்சமாச்சும் காட்டும். இன்னிக்கு சுத்தமா ஜீரோ. பேஜாரா இருக்கு. முதல்ல நான்தான் இறங்கணும்."

"முடியாதுன்னு சொல்லேன்டா."

"சொன்னேன். இடி மரத்துலதான விழுந்துச்சு, மெஷின்லயா விழுந்துச்சுன்றாரு."

(வேறு மானி வைத்துப் பார்த்தால் என்ன என்கிறீர்கள். அது சென்னையிலிருந்து வர மறுநாளாகும். கதையில் ஓட்டை கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இருந்தவர்கள் உட்காரலாம்.)

3

மரத்தில் விழுந்தாலும் மின்னலின் புலம் கேபிளில் மின்னழுத்தத்தை ஏற்றும். எவ்வளவு என்று அறிய மண்ணின் குணத்தையும் சேர்க்க வேண்டும். அங்கேதான் ஒரு தொகையீடு (இன்டெக்ரல்) வந்து ஏறுகிறது, இறங்குகிறது, முடியவே மாட்டேன் என்கிறது. (என் மாமனாரின் கல்யாண வாழ்த்துரை போல. இந்த உவமை தேவையா? இருக்கட்டும்.) ஒழுங்காகச் செய்தால் கணினிக்கே ஒரு நாள் பிடிக்கும். ஜஹீதா ஒழுங்காகச் செய்யவில்லை. அந்த ஏற்ற இறக்க அலைகளைத் துண்டு துண்டாகக் கூட்டி, கூட்டுத்தொகைகளுக்குச் சராசரி எடுத்தாள். கடைசிவரை போகாமலே அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிட்டது. அதுவரை ஆய்வுக் கட்டுரைக்கு மட்டுமே பயன்பட்ட முறை. இப்போது தம்பியின் உயிர்.

மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"பாய், கேபிள்ல ஏறின வோல்டேஜை மானிக்குள்ள இருக்குற சர்க்யூட் போர்டு தாங்கியிருக்காது. அது காட்டுற ஜீரோவை நம்பாதீங்க."

"நூத்துக்கு நூறு கரெக்டாம்மா?"

"இல்ல. கொஞ்சம் ஜாஸ்தி கம்மி இருக்கும்."

"தப்பு இருக்குன்னு நீயே சொல்றியே!"

"என் கணக்குல பாதிதான் ஏறியிருந்தாலும் போர்டு காலி. அப்பவும் இறக்கணும்னா, முதல்ல நீங்க இறங்குங்க."

(இங்கே மேனேஜரைக் கொடூரமாகச் சிரிக்க வைத்துப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.) பிறகு போனுக்கு வெளியே அவர் கத்தியது ஜஹீதாவுக்குக் கேட்டது: "சமீரு, இன்னிக்கு வேணாம். மூடியப் போட்டு மூடு."

4

முடிவு அ: மறுநாள் வந்த புது மானி அலறியது. டேனரியே ஜஹீதாவைக் கொண்டாட... (சினிமா.)

முடிவு ஆ: பழைய மானி நன்றாகத்தான் இருந்தது, தொட்டியில் வாயுவே இல்லை. சமீருல்லாவுக்கு 'ஜீரோ' என்று பட்டப்பெயர் விழுந்தது.

எது நடந்தது என்று கேட்டேன். ஆம்பூர் வந்துவிட்டது, ஜஹீதா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"எத வேணா எழுதிக்குங்க சார். அன்னிக்கு மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்து சாப்ட்டான்."

இறங்கிப் போய்விட்டாள். இரண்டில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதற்கு மேல் ஓடவில்லை: சமீருல்லா தட்டை நீட்டி, "இன்னொரு கரண்டி போடு," என்கிறான்.