தொண்டிக் கிளைத் தலைமை

ராமநாதபுரத்தில், சைக்கிள் கடை மாடியில் இயங்கும் 'கிரேட் பிரிட்டன் ஸ்போக்கன் இங்கிலீஷ் அகாடமி'யின் நிறுவனர் டாக்டர் தர்மராஜ், சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். பட்டம் கூரியரில் வந்தது. ஆங்கிலத்தின் பெருமையை மூன்று மணி நேரம் பேசுவார், தமிழில். பாடம் நடத்துவது மட்டும் உம்மு ஹபீபா.

ஹபீபாவின் ஊர் தொண்டி. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், தினமும் பஸ். கணவருக்குச் சவுதியில், தம்மாமில் வேலை. எட்டாவது படிக்கும் மகள் சுஹா, பள்ளி விட்டு வந்து பூட்டிய வாசலில் ஏழரை மணி வரை உட்கார்ந்திருப்பாள். தொண்டியில் கிளை திறந்தால் தலைமை ஆசிரியை நீங்கள்தான் என்று தர்மராஜ் இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் பஸ் ஏறினாள்.

அந்தப் பஸ்ஸில்தான் பாடமும் பிடிபட்டது. 'டர்ன் ஆஃப்' போன்ற இரட்டைச் சொற்களோடு பொருளை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் திணறினார்கள். ஹபீபா மூன்று நாற்காலிகளைப் பஸ் சீட்டாகப் போட்டாள். ஜன்னலோரம் 'டர்ன்'. அதோடு வந்தது 'ஆஃப்'. 'தி லைட்' நடுவிலும் உட்காரலாம், ஓரத்திலும் உட்காரலாம். 'இட்' கைப்பிள்ளை, ஓரத்தில் வைத்தால் விழுந்துவிடும், நடுவில்தான் வைக்கவேண்டும். 'மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த லைட்' என்று நீளமாக வந்தால், அது மூட்டை முடிச்சோடு ஏறும் எங்கள் மாமி. நடுவில் திணித்தால் இரண்டு பக்கமும் நசுங்கும், ஓரத்தில் விட்டுவிடு. பிள்ளைகள் சிரித்தார்கள். மறக்கவில்லை.

ஆறு மாதம் முன்பு சத்யப்பிரியா வேலைக்குச் சேர்ந்தாள். பரமக்குடிக்காரி; அகாடமிக்கு இரண்டு தெரு தள்ளி ஹாஸ்டலில் தங்கினாள். அக்கா அக்கா என்று ஹபீபாவின் டிபனில் பாதியைச் சாப்பிட்டாள். மாமி கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டாள். ஹபீபாவுக்குப் பெருமையாக இருந்தது.

கிளைத் திறப்பு விழாவுக்கு ஹபீபா சுஹாவுக்குப் புதுச் சட்டை போட்டு அழைத்துப் போனாள். பந்தல் வாசலில் பதினைந்து அடி ஃப்ளெக்ஸ். கோட்டோடு தர்மராஜ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் சின்னதாக ஒரு முகம்: 'தலைமை ஆசிரியை சத்யப்பிரியா'. அச்சுப்பிழை என்றுதான் ஹபீபா முதலில் நினைத்தாள்.

மேடையில் சத்யப்பிரியா மூன்று நாற்காலிகளைப் போட்டாள். "நான் தினம் பஸ்ல வாரப்ப ஒரு விஷயம் கண்டுபிடிச்சேன்" என்று ஆரம்பித்தாள். 'இட்'டாக உட்கார ஒரு சின்னப் பிள்ளை வேண்டும் என்று கூட்டத்திலிருந்து சுஹாவையே கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தாள். பிறகு மூட்டை முடிச்சோடு தன் மாமியை ஏற்றினாள். கூட்டம் கைதட்டியது.

இறங்கி வந்த சுஹா மெல்லக் கேட்டாள்: "உம்மா, அது நம்ம மாமியில்ல?"

பந்தலுக்குப் பின்னால் தர்மராஜ் நியாயம் சொன்னார். "உள்ளூர்ப் பொம்பள இங்கிலீஷ் பேசுனா, ஒங்க வாப்பா பேரச் சொல்லி, நம்ம காதர் மைதீன் மகதானன்னு எந்திரிச்சுப் போயிருவாய்ங்க மேடம். வெளியூர்லருந்து பஸ்ஸ விட்டு எறங்கணும். அப்பத்தான் மரியாதை. ராமநாதபுரத்துல ஒங்களுக்கு இருக்கிற மரியாதையே நீங்க தொண்டிங்கிறதாலதான்."

சத்யப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும்க்கா. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்…"

இரண்டு வாரம் என்றால் பன்னிரண்டு டிபன். ஹபீபா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து தொண்டிக்காரி ராமநாதபுரத்துக்கும் ராமநாதபுரம் ஹாஸ்டல்காரி தொண்டிக்கும் பஸ் ஏறினார்கள். தர்மராஜ் இதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தார். சுஹா வாசலில் உட்காருவதற்குப் பதிலாகச் சத்யப்பிரியாவின் வகுப்பில் உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் சாயங்காலம் போன் வந்தது.

"அக்கா, கிளாஸ்லருந்துதான் பேசுறேன். பிள்ளைக 'லுக் தி சைல்ட் ஆஃப்டர்'னு சொல்லுதுக. நம்ம சீட்டுப்படி பாத்தா சரிதானக்கா?"

நம்ம சீட்டு. எல்லா இரட்டைச் சொற்களும் நடுவில் இடம் விடாது என்ற மறுபாதியை ஹபீபா அவளுக்கு இன்னும் சொல்லித்தந்திருக்கவில்லை. 'சரிதான்' என்று ஒரு சொல் போதும். தலைமை ஆசிரியை தலைகுப்புற விழுவாள். போனுக்குள் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அதில் சுஹாவின் குரலும் இருந்தது, தப்பாக ஒப்பித்துக்கொண்டு.

"தப்பு" என்றாள் ஹபீபா. "அது ரெண்டும் ஒட்டித்தான் உக்காரும். கைப்பிள்ளையக் கூட நடுவுல விடாது. 'லுக் ஆஃப்டர் இட்'."

"மாமி மாதிரி இதுக்கும் ஏதாச்சும் இருக்காக்கா? பிள்ளைக மனசுல நிக்கணும்ல."

ஹபீபா சற்று யோசித்துச் சொன்னாள்: கல்யாணமான புதுசில் தொண்டி பஸ்ஸில் ஏறிய ஒரு ஜோடி. நடுவில் உட்காருகிறேன் என்று ஒருத்தர் கண்டக்டர் வரைக்கும் சண்டைக்குப் போனார். அவர்கள் நகரவேயில்லை.

"சூப்பர்க்கா" என்று சத்யப்பிரியா வைத்துவிட்டாள்.

நாளைக்கு அது அவளுடைய அண்ணனும் அண்ணியுமாகிவிடும். ஹபீபா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஜோடியில் ஒருவர் பதினோரு வருஷமாகத் தம்மாமில் இருக்கிறார்.