விட்டுவிட்ட குதிகால்

1991 மார்ச் 14, வியாழன். இன்றும் இல்லாத காலரைத் தேடினேன். நில்சனின் கழுத்தில் என் நகம் கீறிவிட்டது. தப்பு என்னுடையது.

நாட்குறிப்பில் சின்னத் தப்பை எழுதுவது ஒதாயிருக்குச் சுலபமாக இருந்தது. பெரியதற்குப் பேனா நகரவில்லை.

மாலைக் கணக்கியல் வகுப்புக்காகப் புறநகரான மெயெருக்குக் குடிவரும் முன் அவன் கடற்கரைப் பக்கத்து ஜியு ஜிட்சு கூடத்தில் பழகியவன். அங்கே கிமோனோ என்ற தடித்த சட்டை உண்டு. அதன் காலரையோ சட்டைக்கையையோ பிடித்துவிட்டால் ஆளைக் கட்டிப்போடலாம். மெயெர் கூடத்தில் வெற்றுடம்பு, வியர்வை, வழுக்கல். சனிக்கிழமை அந்தக் கடற்கரைக்காரர்கள் இங்கே சட்டையில்லாமல் மோத வருகிறார்கள். ஒதாயிரின் எடைப் பிரிவில் மெயெர் அணிக்கு ஒரே இடம். அவன் வணக்கத்துக்குத் தலைகூட அசைக்காதவர்கள் அவர்கள். அந்த இடம் அவனுக்கு வேண்டும். அதற்காக இன்று அதே எடைக்காரனான நில்சனோடு தேர்வுப் போட்டி.

கீறல் பட்டதுமே நில்சன் சிரித்தான். "என்ன இளவரசே, பொத்தான் தேடுறியா? உங்க ஊர்ல சண்டையா போடுறீங்க, துணியா துவைக்கிறீங்க?"

கீழிருந்தே ஆளை மடக்கும் கடற்கரைப் பழக்கத்தில் ஒதாயிர் மல்லாந்து படுத்தான்.

"படுத்துட்டான்! தலகாணி குடுங்கடா!" ஓரத்திலிருந்து கத்தினார்கள்.

நில்சன் உதறிக்கொண்டு எழுந்தபோது அவன் பாதம் ஒதாயிரின் அக்குளில் சிக்கியது. குதிகால் கைக்குள். ஒரு முறுக்கு போதும். ஒதாயிர் விட்டுவிட்டான். கடற்கரையில் எதிராளியின் காலை முறுக்குவது புறநகர்க்காரன் வேலை. செய்தவனைக் கூடமே காறித் துப்பும். அடுத்த நொடி நில்சனின் கை அவன் கழுத்தை இறுக்கியது. தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

நில்சன் முகத்தில் சிரிப்பில்லை. "ஏன்டா விட்டே?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். என் காலைத் தொட்டா உன் கை நாறிடும். கடற்கரைக்காரனுங்க அங்க இருந்து மூக்கைப் பொத்துறானுங்க. நீ எங்க வீட்டுக்குள்ளயே வந்து பொத்துறே!"

"வாத்தியாரே, இன்னொரு தடவை..." என்று ஒதாயிர் பயிற்சியாளர் ஜெனிவாலைப் பார்த்தான்.

"சனிக்கிழமை நில்சன்தான்," என்றார் அவர். "நீ அவனுக்குத் தண்ணி வாளி தூக்கு. அதுக்காவது கை வருமான்னு பாப்போம்."

கடற்கரைக்காரர்களை வெறுக்கிறோம் என்றுதான் ஒதாயிர் இத்தனை நாள் நம்பியிருந்தான். வெறுப்பு மனத்தில் இருந்தது. கைகள் இன்னும் அவர்களுடையவை. இதுவும் சாக்குதானோ என்று தோன்றியது. நாட்குறிப்பில் அடுத்த வரியை எழுதினான்.

நாளை, வெள்ளி: வகுப்புக்கு முன் கூடத்துக்குப் போக வேண்டும். முறுக்கிப் பழக நில்சனிடம் அவன் காலைக் கேட்க வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் தட்டும்வரை விடக் கூடாது.